வந்தியத்தேவனுக்கு வவுச்சர் உண்டா?

விடியற்காலை ஐந்து மணி. சிதம்பரத்துக்கு முன்னால் ஒரு டீக்கடை. டெம்போ டிராவலரிலிருந்து பதினேழு பேர் கொட்டாவியோடு இறங்கினோம். டிரைவர் என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. யார் சார் அந்த நந்தினி? தாம்பரத்துல வண்டி எடுத்ததிலேர்ந்து அந்தப் பொண்ணப் பத்தியே பேசறீங்க. நல்லவங்கறாரு ஒருத்தரு. மோசம்கறாங்க ஒரு மேடம். உங்க ஆபீசுங்களா?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ராத்திரி ஒரு மணிக்கு, திண்டிவனம் பைபாஸில், "பாவம் சார், அவ நிலைமையில வேற என்ன செய்வா?" என்று ஒரு ரிடையர்டு தலைமையாசிரியர் குரல் தழுதழுத்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

"அது கதைங்க. பொன்னியின் செல்வன். அதுல வர்ற ஊரையெல்லாம் பாக்கப் போறோம்."

டிரைவர் டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார்.

"கதையா? இல்லாத பொண்ணுக்கா இவ்ளோ சண்டை?"

எங்கள் இரண்டு நாள் பயணத்தின் சாரத்தை மனிதர் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். நாங்கள்தான் பதிலுக்காகத் தஞ்சாவூர்வரை போக வேண்டியிருந்தது.

* * *

வெளிநாட்டில் இதற்கு ஜோராக ஓர் ஏற்பாடு உண்டு. 'கன்வென்ஷன்' என்பார்கள். விஞ்ஞானக் கதை, மாயாஜாலக் கதை படிக்கிற ரசிகர்கள் ஓர் ஊரில் ஹால் பிடித்துக் கூடுவார்கள். கதையில் வருகிற உடுப்பை மாட்டிக்கொள்வார்கள். இல்லாத மனிதர்களுக்காக அடித்துக்கொள்வார்கள். 1937 ஜனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இப்படிக் கூடியதைத்தான் முதல் கூட்டம் என்று பலர் சொல்கிறார்கள். வந்தவர்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம், அவ்வளவுதான். அதில் ஒருவர் ஆர்தர் சி. கிளார்க். பிற்பாடு இலங்கையில் குடியேறி, 2008இல் கொழும்பில் காலமானாரே, அவரேதான். 1939இல் நியூயார்க்கில் முதல் உலக மாநாடு. சுமார் இருநூறு பேர். எதிர்கால உடுப்புப் போட்டுக்கொண்டு வந்த ஒரு ஜோடியைப் பார்த்து மற்றவர்கள் வாயைப் பிளந்தார்களாம். இன்றைய 'காஸ்ப்ளே'வுக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

நம் பக்கமும் சும்மா இல்லை. 1998இல் வேலூரில் இந்திய அறிவியல் புனைகதை ஆய்வுச் சங்கம் தொடங்கியது. பேராசிரியர்கள் கட்டுரை வாசிக்கிற மாநாடு. ஈரோடு புத்தகத் திருவிழா சமயத்தில் லயன் – முத்து காமிக்ஸ் வாசகர்கள் பல வருடங்களாகக் கூடி வந்திருக்கிறார்கள். நரைத்த தலையோடு இரும்புக்கை மாயாவி பற்றிப் பேசுகிற சந்தோஷம் அங்கே. 2024 பிப்ரவரியில் சென்னைக்கே காமிக் கான் வந்தது.

சரி, காவிரி டெல்டாவில்? இங்கே ஹால் பிடிக்கவில்லை. வேன் பிடித்தார்கள்.

'பொன்னியின் செல்வன் சரித்திரக் கதையாச்சே, அதை எப்படி மாயாஜாலத்தோடு சேர்க்கலாம்' என்று சண்டைக்கு வராதீர்கள். வால்நட்சத்திரம், மந்திரவாதி, சுரங்கப் பாதை, பாதாளச் சிறை... இதற்கு மேல் என்ன வேண்டும்? வெள்ளைக்காரன் செவ்வாய்க் கிரகத்துக்குப் போனான். நாம் பத்தாம் நூற்றாண்டுக்குப் போனோம். டிக்கெட் கிடைக்காத ஊர் என்பதில் இரண்டும் ஒன்றுதான்.

கல்கி இதழில் 1950 அக்டோபரில் ஆரம்பித்து 1954 மே வரை, மூன்றரை வருடம் ஓடிய தொடர். எழுதியவர் மாயவரத்துப் பக்கம் புத்தமங்கலத்தில் பிறந்தவர். முடிந்த பிறகும் வாசகர்கள் விடவில்லை. 'அப்புறம் அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார்?' என்று துளைத்தெடுக்க, கல்கி முடிவுரை எழுதிக் கணக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. 1999இல் அவருடைய எழுத்து நாட்டுடைமை ஆனது. மலிவுப் பதிப்புகள் பிளாட்பாரம்வரை வந்தன. அதே வருடம் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் மேஜிக் லான்டர்ன் குழு அதை நாடகமாகப் போட்டது.

2000களின் தொடக்கத்தில் வாசகர்கள் யாஹூ குழு ஒன்றில் சேர்ந்தார்கள். 'பொன்னியின் செல்வன் வரலாற்றுப் பேரவை' என்று பெயர் வைத்துக்கொண்டு சோழநாட்டுக்குக் கிளம்பினார்கள். யாஹூ குழுக்கள் 2020 டிசம்பரில் மூடப்பட்டன. வேன்கள் நிற்கவில்லை. 2022 செப்டம்பரில் மணிரத்னம் படம் வந்ததும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகமே அந்தத் தடத்தில் சுற்றுலா அறிவித்தது.

நாங்கள் பதினேழு பேரும் அந்த வரிசையில் ஒரு சின்ன வால். ஆபீஸ் நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள், ஒரு வங்கி மேடம், ஒரு சாஃப்ட்வேர் தம்பி, மேற்படி தலைமையாசிரியர், நான்.

* * *

நான் ஏன் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு பழைய பாக்கி இருந்தது.

எங்கள் பூர்வீகம் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். என் பாட்டி கல்கியிலிருந்து வாராவாரம் கத்தரித்து, ஐந்து பாகத்தையும் பைண்டு செய்து வைத்திருந்தாள். அதை அப்பா சென்னைக்குக் கொண்டுவந்து, கிளார்க் வேலைக்கு நடுவே, வருடத்துக்கு ஒரு முறை படிப்பார். அவருக்குக் கடவுள் வந்தியத்தேவன்.

"கையில காசு கிடையாது, நிலம் கிடையாது. ஒரு குதிரை, ரெண்டு ஓலை. கூரியர் வேலைதான்டா அவனுக்கு! ஆனா யார்கிட்டயாவது கைகட்டி நிக்கிறானா பாரு" என்பார். பிறகு பெருமூச்சு விடுவார். "இப்படி ஒருத்தன் இருக்க முடியாது. அவன் மட்டும் கல்கியோட சொந்தச் சரக்கு. மத்தவங்கள்ளாம் நிஜம்."

மேலதிகாரியிடம் முப்பத்தைந்து வருடம் கைகட்டி நின்றவர் அவர். அதனால்தான் அப்படி ஒருவன் இருக்க முடியாது என்று நினைத்தாரோ என்னவோ.

2014இல் வீடு மாறினோம். பரணில் கரப்பான் அரித்த ஐந்து தடிப் புத்தகங்கள். நான் பி.காம். படித்தவன். பயன்படாத சரக்கு, இடத்தை அடைக்கிறது, ரைட் ஆஃப்! பழைய பேப்பர்காரரிடம் கிலோ எட்டு ரூபாய்க்குப் போட்டுவிட்டேன். சாயங்காலம் வந்த அப்பா பரணைப் பார்த்தார்.

"மணிமகுடமுமா?" என்று மட்டும் கேட்டார். அது நாலாவது பாகம். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஒருநாள் அந்த ஊரையெல்லாம் சுத்திப் பாக்கணும்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் 2021இல் போய்விட்டார். அந்த ஊர்களுக்கு மத்தியிலேயே பிறந்தவர், ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வருடம் படம் வந்தது. நான் தியேட்டருக்குப் போகவில்லை. வேன் வந்தபோது ஏறிவிட்டேன்.

* * *

முதல் நிறுத்தம் வீராணம் ஏரிக்கரை. கதை தொடங்குகிற இடம். ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் போவானே, அந்த வீரநாராயண ஏரி. முதலாம் பராந்தகன் காலத்தது. நீளம் சுமார் 14 கிலோமீட்டர். கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வருகிறது. கதையில் இதற்கு எழுபத்து நான்கு கணவாய். சாஃப்ட்வேர் தம்பி மதகுகளை எண்ணத் தொடங்கி, வெயிலில் பாதியில் கைவிட்டார்.

நாங்கள் போனது ஆடி மாதம். ஏரியில் தண்ணீர் இருந்தது. எப்போதும் அப்படி இல்லை. ஜூன் 12இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை 2017இல் அக்டோபர் பிறந்த பிறகுதான் திறந்தது. ஆற்று மணலில் போர் போட்டு, ஷவர் வைத்துக் குளித்த ஆடிப்பெருக்குகளும் இந்த டெல்டாவுக்கு உண்டு. கதையில் வெள்ளம் வற்றவே வற்றாது. வெளியே அப்படி இல்லை.

இன்னொரு விஷயம். 2004இலிருந்து இந்த ஏரித் தண்ணீர் குழாய் வழியே சென்னைக்கு வருகிறது. ஆபீஸ் போகிற அவசரத்தில் தலையில் ஊற்றிக்கொள்கிறீர்களே, அதில் வந்தியத்தேவனின் குதிரை குடித்த ஏரியும் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

அங்கிருந்து காட்டுமன்னார்கோயில். உடையார்குடி அனந்தீசுவரர் கோயில். வேனில் அதுவரை இருந்த கலகலப்பு அடங்கிவிட்டது. காரணம், அந்தச் சுவரில் ஒரு கொலைக் கேஸ் இருக்கிறது.

ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள், அவர்களுடைய உறவினர்கள் ஆகியோரின் சொத்தைப் பறிமுதல் செய்வது பற்றிய கல்வெட்டு அது. முதலாம் இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர் பெயராக இருக்கிறது. 'பிரமாதிராசன்' என்று சிலருக்குப் பட்டம் வேறு. அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர்களுக்குக் கொடுக்கிற பட்டம்.

"ரவிதாசனா! ஆந்தை மாதிரி கத்துவானே, அந்த மந்திரவாதியா?" என்றார் வங்கி மேடம். "அவனைப் பயமுறுத்தறதுக்காகக் கல்கி சேர்த்த ஆளுன்னு நெனச்சேன்!"

"பேர் நிஜம் மேடம். ஆந்தைதான் கல்கியுடையது" என்றார் தம்பி.

தலைமையாசிரியர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "தம்பி, நந்தினி பேர் எங்கேயாவது...?"

தம்பி சங்கடமாகத் தலையசைத்தார். "இல்லை சார். எந்தக் கல்வெட்டுலயும் இல்லை. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான்... எல்லாரும் கற்பனை."

யாரை நிஜம் என்று நம்பி ராத்திரி பூரா சண்டை போட்டோமோ அவள் கற்பனை. பூச்சாண்டி என்று நினைத்தவன் கல்லில் உட்கார்ந்திருக்கிறான். நல்ல கணக்கு இது!

* * *

இந்த யாத்திரைகளின் உண்மையான சரித்திரம் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. முதலில் போனவர்கள் கதையைத் தேடித்தான் போனார்கள். போன இடத்தில் கல் கிடந்தது. படிக்கத் தெரியவில்லை. அங்கே சிலர் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். சிலர் வெட்கப்பட்டார்கள். அப்படி வெட்கப்பட்ட இளைஞர்கள் சிலர் திருச்சியில் டாக்டர் இரா. கலைக்கோவனிடம் போனார்கள். கண் டாக்டராக இருந்துகொண்டே கோயில்களையும் கல்வெட்டுகளையும் ஆராய்ந்தவர். அவர் வழிகாட்டலில் 2004 ஆகஸ்டில் 'வரலாறு டாட் காம்' என்ற மாத மின்னிதழைத் தொடங்கினார்கள். பகலில் கம்ப்யூட்டர் வேலை, லீவு நாளில் கோயில் சுவர்!

எங்கள் தம்பியும் அந்த ரகம். சோழர் காலத் தமிழெழுத்தை அவர் எங்களுக்கு ஒரு பாடம் எடுத்தார். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரமா ஏகாரமா என்று நீங்களே ஊகித்துக்கொள்ள வேண்டும். துணைக்காலும் ரகரமும் இரட்டைப் பிள்ளை மாதிரி. நடுநடுவே கிரந்த எழுத்து. சுவரில் மாவு தடவக் கூடாது, சுண்ணாம்பு தடவக் கூடாது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து தானாக எழுந்து நிற்கும்.

அன்று சாயங்காலம் பழையாறை. சோழர் தலைநகரங்களில் ஒன்று. அரண்மனை எங்கே என்று கேட்டால் வாழைத்தோப்பைக் காட்டுகிறார்கள். ஆனால் சுற்றிலும் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். சோழன்மாளிகை, ஆரியப்படையூர், பம்பப்படையூர், புதுப்படையூர், மணப்படையூர். மாளிகை போய், படை போய், பஸ் போர்டில் மட்டும் மிச்சம்.

உடையாளூரில் ராஜராஜனின் சமாதி இருக்கிறது என்று நெடுநாளாக ஒரு நம்பிக்கை. 2019இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி தொல்லியல் துறை அங்கே ஆய்வு செய்தது. சமாதி என்று சொல்லும்படி ஒன்றும் கிடைக்கவில்லை. கும்பகோணத்தில் ராத்திரி ரவா தோசைக்கு நடுவே இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம்.

"நம்பிட்டுப் போகட்டுமே, யாருக்கு நஷ்டம்?" என்றார் தலைமையாசிரியர். நந்தினி விஷயத்தில் அடிபட்டவர்.

"நஷ்டம் இருக்கு சார்" என்றார் தம்பி. "பெரிய கோயிலைக் கட்டினதே கரிகாலன்னு தலபுராணம் சொல்லிட்டிருந்தது. 1880கள்ல ஹுல்ஷ்னு ஒரு ஜெர்மன்காரர் வந்து கல்வெட்டைப் படிச்ச பிறகுதான் ராஜராஜன்னு தெரிஞ்சது. யாரும் படிக்காம நம்பிட்டே இருந்திருந்தா, இன்னிக்கு ராஜராஜனே கிடையாது. பொன்னியின் செல்வனும் கிடையாது."

தலைமையாசிரியர் பதில் சொல்லவில்லை. டிகிரி காபி இன்னொன்று சொன்னார்.

* * *

மறுநாள் தஞ்சாவூர். ஒரு கட்டுக்கதையை முதலிலேயே அடக்கம் செய்துவிடலாம். பெரிய கோயில் விமான நிழல் தரையில் விழாது என்பார்களே, விழுகிறது. நான் அதில்தான் உட்கார்ந்து இளநீர் குடித்தேன்.

அப்புறம் சுவரைப் பார்த்தேன். வியர்த்துவிட்டது. ஐயா, அது கோயில் சுவர் இல்லை, லெட்ஜர்!

ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள். தினம் ஓர் உழக்கு நெய் வரவேண்டும். ஆடு செத்தால்? அதெல்லாம் பேச்சே கிடையாது. கல்வெட்டுகளில் அதன் பெயரே 'சாவா மூவாப் பேராடு'. குட்டி ஈன்று எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது வாங்கியவன் பொறுப்பு. தேய்மானம் பூஜ்யம்! எந்தக் காமர்ஸ் வாத்தியாரும் எனக்குச் சொல்லித்தராத அசெட். கோயில் பணத்தை ஊர்ச் சபைகளுக்குக் கடன் கொடுத்து, ஒரு காசுக்கு வருடத்துக்கு அரைக்கால் காசு வட்டி. அதாவது பன்னிரண்டரை பர்சென்ட். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்குத் தெரு, வீட்டு எண் முதற்கொண்டு பதிவு. ஒரு பங்குக்கு வருடத்தில் நூறு கலம் நெல். ஆடிட்டர் வந்தால் கைகூப்பிவிட்டுப் போயிருப்பார்.

வவுச்சர் இல்லாமல் ஒரு வரி கிடையாது. அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

"தம்பி, வந்தியத்தேவன்னு ஒருத்தன்... அவனுக்கு எங்கேயாவது வவுச்சர் உண்டா?"

தம்பி சிரித்தார். "அதுக்காகத்தானே சார் வந்தோம்" என்று டார்ச்சோடு நடந்தார்.

ராஜராஜனின் அக்கா குந்தவை, கோயிலுக்குக் கொடுத்த செப்புத் திருமேனிகளையும் நகைகளையும் பதிந்த கல்வெட்டு. டார்ச்சைச் சாய்த்தார். எழுத்து எழுந்து நின்றது. "படிங்க சார்" என்றார். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். ஒன்றாம் வகுப்பில் இப்படி வியர்த்தது, அதற்கப்புறம் இப்போதுதான்.

வல்லவரையர். வந்தியத்தேவர். அவருடைய மாதேவியார், குந்தவையார்.

அவ்வளவுதான். பெரிய கோயிலில் அவனுக்குக் கிடைத்த இடம் அதுதான். இன்னாருடைய மனைவி என்று அக்கா தன்னைச் சொல்லிக்கொள்கிற இடத்தில் ஒரு பெயர். குதிரை இல்லை, ஓலை இல்லை, ஏரிக்கரை இல்லை. அதெல்லாம் கல்கி கொடுத்தது. ஆனால் ஆள் இருந்திருக்கிறான். கல்லில் வெட்டியிருக்கிறது.

அப்பா, உங்க ஆளு நிஜம்.

கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. இரண்டு நிமிடம் கழித்து அம்மாவுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"உங்கப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பார் தெரியுமா?" என்றாள் அம்மா. "'பேருதானே இருக்கு, குதிரை இருக்கா'ன்னு கேட்டிருப்பார். அது சரி, வரும்போது அந்தப் புஸ்தகத்தை அஞ்சு பாகமும் வாங்கிட்டு வா. பரண் காலியாத்தான் கிடக்கு."

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். இந்தக் காலத்துப் பதிப்பு, வழுவழு அட்டை. பாட்டியின் கத்தரிக்கோல் தடம் அதில் இருக்காது. அந்தப் பாக்கி தீரவே தீராது. வட்டியாவது கட்டலாம்.

சாயங்காலம் வேன் கிளம்பியது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"தேடி வந்த ஆளு கெடச்சாரா சார்?"

"கெடச்சாருங்க. கல்லுல பேர் இருக்கு."

"அப்ப அந்த நந்தினி?"

"இல்லைங்க. அது கதைதான்."

"அட பாவமே" என்றார் டிரைவர். நிஜமாகவே வருத்தப்பட்ட குரல். "ரெண்டு நாளா கேட்டுட்டு வர்றேன். எனக்கென்னமோ அந்தப் பொண்ணு மேல தப்பில்லன்னுதான் தோணுது."

"அப்படிச் சொல்லுங்க!" என்று பின் சீட்டிலிருந்து தலைமையாசிரியர் எழுந்தார். "தப்பில்லையாவது!" என்று வங்கி மேடம் திரும்பினார்.

அய்யம்பேட்டை தாண்டுவதற்குள் சண்டை உச்சத்துக்குப் போய்விட்டது.